பல்கலைக்கழக மாணவர்களும் உடல் எடையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி முடிந்து பல்கலைக்கழகத்தில் சேர்ந்த சில மாதங்களிலேயே பலருக்கும் உடல் மாறத் தொடங்குகிறது. சிலருக்குச் சட்டை இறுகுகிறது, சிலருக்குக் கால்சட்டை இடுப்பில் நிற்பதில்லை. இரண்டுக்கும் வேர் பெரும்பாலும் ஒன்றுதான்: தூங்கும் நேரம், சாப்பிடும் நேரம், நடக்கும் தூரம் மூன்றும் ஒரே சமயத்தில் தலைகீழாகிவிடுகின்றன. அதனால் இந்தப் பதில்களில் எடையைவிட நேரத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். கலோரி என்று வரும் இடமெல்லாம், உணவுப் பொட்டலங்களில் அச்சிடும் கிலோ கலோரியையே குறிக்கும்.

முதல் ஆண்டில் ஏழு கிலோ ஏறிவிடும் என்கிறார்களே, உண்மையா?

இல்லை. அமெரிக்க மாணவர்களிடையே முதலாண்டில் 15 பவுண்டு ஏறும் என்று ஒரு பேச்சு உண்டு. அது ஏறக்குறைய 7 கிலோ. அங்கிருந்துதான் இது பரவியது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2015-ல் வெளியான தொகுப்பில், முதலாண்டின் சராசரி ஏற்றம் 1.4 கிலோ அளவுதான் இருந்தது. ஐந்து பேரில் மூன்று பேருக்கு எடை கூடியது. கூடியவர்களை மட்டும் கணக்கெடுத்தால் சராசரி 3.4 கிலோ. மற்றவர்களுக்கு அப்படியே இருந்தது அல்லது குறைந்தது.

ஒன்றரை கிலோ அற்பமாகத் தெரியலாம். அதே வேகத்தில் நான்கு ஆண்டு போனால் ஆறு கிலோ ஆகிறது. மெதுவாக ஏறுவதால் யார் கண்ணிலும் படுவதில்லை என்பதே இதில் உள்ள சிக்கல்.

என் எடை சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

இரண்டு அளவுகள் போதும்.

முதலாவது பிஎம்ஐ, அதாவது உடல் நிறை குறியீட்டெண். எடையை (கிலோவில்) உயரத்தால் (மீட்டரில்) இருமுறை வகுக்க வேண்டும். 62 கிலோ எடை, 1.64 மீட்டர் உயரம் என்றால் 62 ÷ 1.64 ÷ 1.64 = 23.05. உலக சுகாதார நிறுவனத்தின் பொது அளவுகோலில் 18.5 முதல் 24.9 வரை இயல்பு, 25-க்கு மேல் அதிக எடை, 30-க்கு மேல் உடல் பருமன். ஆனால் ஆசிய மரபினருக்கு அதே பிஎம்ஐயில் உடற்கொழுப்பு கூடுதலாக இருப்பதால், 23-லிருந்தே கவனம் தேவை என்று அந்த நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-ல் கூறியது. மேலே சொன்ன 62 கிலோக்காரர் ஒரு அட்டவணையில் இயல்பு, இன்னொன்றில் எல்லைக்கோட்டில் நிற்பவர். 19 வயது நிறையாதவர்கள் இந்த எண்களைப் பார்க்காமல், வயதுக்கேற்ற வளர்ச்சி அட்டவணையில் பார்க்க வேண்டும். முதலாண்டு மாணவர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது இடுப்புச் சுற்றளவு. இது உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும், 164 செ.மீ. உயரம் என்றால் 82 செ.மீ.க்குள். தவறு நடப்பது அளக்கும் இடத்தில்தான். பெல்ட் கட்டும் இடத்தில் அளந்தால் தொப்பை அளவில் வராது. கடைசி விலா எலும்பின் அடிப்பகுதியையும், பக்கவாட்டில் கைக்குத் தட்டுப்படும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே நாடாவைச் சுற்றி, இயல்பாக மூச்சை வெளியே விட்டதும் அளவைப் படியுங்கள். வயிற்றை உள்ளிழுக்கக் கூடாது, நாடா தோலை அழுத்தவும் கூடாது. தசை கட்டிய விளையாட்டு வீரருக்கு பிஎம்ஐ 26 காட்டினாலும் இடுப்பு அளவு சரியாக இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. பிஎம்ஐ 22 ஆக இருந்து வயிறு மட்டும் முன்தள்ளியிருந்தால் அதைத்தான் பொருட்படுத்த வேண்டும்.

நேற்றைவிட இன்று ஒன்றரை கிலோ கூடியிருக்கிறது. ஒரே நாளில் எப்படி?

அது கொழுப்பு அல்ல, தண்ணீர். உடல் மாவுச்சத்தைக் கிளைகோஜன் என்ற வடிவில் சேமிக்கும்போது ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் சேர்த்தே பிடித்து வைக்கிறது. உப்பு தூக்கலாகச் சாப்பிட்ட மறுநாளும், மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும், கடும் பயிற்சிக்குப் பிறகும் இதேபோல் நீர் தங்கும். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. ஒரே இரவில் அவ்வளவு உபரியாகச் சாப்பிட்டு ஏற்றிக்கொள்ள யாராலும் முடியாது.

எடை பார்ப்பதானால் காலையில், கழிவறை போய்வந்த பின், எதுவும் சாப்பிடும் முன், ஒரே கருவியில் பாருங்கள். கருவி மெத்தென்ற விரிப்பில் இருந்தால் எண் தப்பும், கட்டாந்தரையில் வையுங்கள். வாரத்தின் எண்களைக் கூட்டிச் சராசரி எடுத்து, அதைப் போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். எண்ணைப் பார்த்ததும் அன்றைய மனநிலையே கெடுகிறது என்றால் எடை பார்க்கவே வேண்டாம். மாதம் ஒருமுறை இடுப்பை அளந்தால் போதும்.

ஒரு நாளைக்கு எனக்கு எத்தனை கலோரி வேண்டும்?

1990-ல் வெளியான மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் நம்பகமானது. எடை × 10, உயரம் (செ.மீ.) × 6.25 இரண்டையும் கூட்டி, வயது × 5 கழிக்க வேண்டும். ஆண்கள் அதோடு 5 கூட்ட வேண்டும், பெண்கள் 161 கழிக்க வேண்டும். 19 வயது, 160 செ.மீ., 60 கிலோ எடையுள்ள மாணவிக்கு: 600 + 1000 − 95 − 161 = 1,344. இது அசையாமல் படுத்திருந்தாலே உடல் செலவழிப்பது. பெரும்பாலும் உட்கார்ந்தே கழியும் நாளுக்கு 1.4-ஆல் பெருக்கினால் சுமார் 1,880.

எடை குறைய வேண்டியவர்கள் இதில் 300 முதல் 500 வரை குறைக்கலாம். அதற்கு மேல் வெட்டினால் கொழுப்போடு தசையும் கரையும், வகுப்பில் கவனம் நிற்காது, மூன்றாம் வாரம் பசி பழிவாங்கும். தினமும் ஒவ்வொரு வாய்க்கும் கணக்கு எழுதச் சொல்வது எங்கள் நோக்கமல்ல. ஒரு வாரம் எழுதிப் பார்த்தால் எங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அது எண்ணெயும் பானமும் இரவுத் தின்பண்டமும்தான்.

காலை உணவைத் தவிர்த்தால் எடை ஏறுமா, குறையுமா?

காலை உணவுக்கு எடையைக் குறைக்கும் தனிச் சக்தி எதுவும் இல்லை. கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வுகளில் அப்படி நிரூபணமாகவில்லை. காலையில் பசிக்காத, மதியமும் இரவும் ஒழுங்காகச் சாப்பிடும் ஒருவர் கட்டாயப்படுத்திச் சாப்பிட வேண்டியதில்லை.

மாணவர்களிடம் நடப்பது வேறு. எட்டரை மணிக்கு எழுந்து ஒன்பது மணி வகுப்புக்கு ஓடுகிறார்கள். பதினொன்றரைக்குக் கை நடுங்கும்போது காபியும் இனிப்பு பிஸ்கெட்டும். இரண்டரை மணிக்கு அவசரமாக ஒரு பெரிய சாப்பாடு. மாலை மந்தமாக உறங்கிப்போய், இரவு பதினொன்றுக்குப் பசி மறுபடி விழிக்கிறது. இப்படிப்பட்ட நாளில் முதல் உணவை முன்னுக்குக் கொண்டுவந்தாலே மற்றவை ஒழுங்குக்கு வரத் தொடங்கும்.

அந்த முதல் உணவில் புரதம் 20 கிராம் அளவு இருக்கட்டும். இரண்டு முட்டையும் கால் லிட்டர் பாலும் சேர்ந்தால் அந்த அளவு வந்துவிடும். முட்டையை முதல்நாள் இரவே அவித்துக் குளிர்பெட்டியில் வைத்தால் காலையில் ஐந்து நிமிடம் போதும். முட்டை சேராதவர்கள் பயறு, சோயா, நிலக்கடலை, தயிர் ஆகியவற்றைக் கலந்து அந்த அளவை எட்டலாம்.

இரவு விழித்துப் படிக்கும்போது பசி தாங்க முடிவதில்லை. என்ன செய்யலாம்?

இந்த வயதில் எடையைப் புரட்டிப்போடுவது தூக்கம்தான் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்ட ஓர் ஆய்வு 2004-ல் வெளியானது. வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் லெப்டின் அவர்களுக்கு 18 விழுக்காடு குறைந்தது; பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு கூடியது. இதன் மறுபக்கத்தை 2022-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. குறைவாகத் தூங்கிப் பழகிய, அதிக எடையுள்ள இளம் வயதினரைத் தினமும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகத் தூங்கவைத்தார்கள். உணவைப் பற்றி எதுவும் சொல்லாமலே அவர்கள் உண்ணும் அளவு நாளொன்றுக்குச் சுமார் 270 கலோரி இறங்கியது.

ஆகவே இரவு ஒரு மணிப் பசி உங்கள் மனவுறுதியின் குறை அல்ல. தூக்கம் கெட்டதும் அதற்கு ஒரு காரணம். 18 முதல் 25 வயதுக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் தேவை. கீழ்க்கண்ட வரிசையில் மாற்றுங்கள்.

1. எழும் நேரத்தை முதலில் நிலைப்படுத்துங்கள், விடுமுறை நாளிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளாமல். படுக்கும் நேரத்தை முதலில் பிடிக்கப் போனால் விழித்துக் கிடப்பதுதான் மிஞ்சும்.
2. காஃபினுக்குக் கடைசி நேரம் மதியம் இரண்டு மணி. உடலில் காஃபின் பாதியாகக் குறையச் சுமார் ஐந்து மணி நேரம் பிடிக்கும். மாலை ஆறு மணிக்குக் குடித்த 200 மி.கி.யில் 100 மி.கி. இரவு பதினொன்றுக்கும் வேலை செய்துகொண்டிருக்கும். ஆரோக்கியமானவர்களுக்கு ஒரு நாள் வரம்பு 400 மி.கி.
3. இரவு உணவை எட்டு மணி வாக்கில், புரதத்தோடு முழுதாகச் சாப்பிடுங்கள். வயிறு காய்ந்தபடி படிக்க உட்காராதீர்கள்.
4. விழித்தே ஆக வேண்டிய இரவானால் தின்பண்டத்தை முன்கூட்டியே அளந்து வையுங்கள்: ஒரு பழம், ஒரு கைப்பிடி (30 கிராம்) கொட்டைகள், ஒரு கோப்பை தயிர்.

நான்காவது ஏன் என்றால், பொட்டலத்தைப் பிரித்து மடிக்கணினிக்குப் பக்கத்தில் வைத்தால் கண் திரையிலும் கை பொட்டலத்திலும் இருக்கும். விரல் நுனியில் அடித்தூள் ஒட்டும்போதுதான் காலியானது தெரியும். 150 கிராம் வறுவல் பொட்டலம் ஒன்றில் சுமார் 800 கலோரி இருக்கிறது. கிண்ணத்தில் 30 கிராம் கொட்டிக்கொண்டு பொட்டலத்தை மூடி அலமாரியில் வைத்தால், அடுத்த கைப்பிடிக்கு எழுந்து போக வேண்டியிருக்கும். பாதி நேரம் எழுந்து போக மாட்டீர்கள்.

விடுதிச் சாப்பாட்டில் எனக்குத் தேர்வே இல்லையே?

என்ன சமைப்பது என்பது உங்கள் கையில் இல்லை. தட்டில் எது முதலில் விழுகிறது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. காய்கறியை முதலில் வாங்கித் தட்டின் பாதியை நிரப்புங்கள். பிறகு கால் தட்டு பருப்பு, முட்டை, மீன், இறைச்சி, சோயா என்று ஏதாவது ஒரு புரதம். மீதிக் கால் தட்டில் சோறு அல்லது ரொட்டி. பெரும்பாலானவர்கள் மாவுச்சத்தை முதலில் குவித்துவிட்டு மற்றதற்கு ஓரத்தில் இடம் தேடுகிறார்கள்.

எண்ணெய் மிதக்கும் குழம்பானால் கரண்டியை அடிவரை விட்டுக் கெட்டியாக எடுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. பொரித்தது வாரத்தில் எத்தனை நாள் வருகிறது என்று பார்த்து, இரண்டு நாள் எடுங்கள், மற்ற நாள் விடுங்கள். பிடித்ததை அடியோடு தடைசெய்தால் நிலைக்காது. இரண்டாம் முறை வாங்கப் பத்து நிமிடம் பொறுங்கள். பழமும் காய்கறியும் சேர்ந்து நாளுக்கு 400 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் குறைந்தபட்ச அளவு. விடுதித் தட்டில் அது வருவது கடினம். எனவே இரண்டு பழம் சொந்தமாக வாங்கி அறையில் வையுங்கள், மேசை மேல், கண்ணில் படும்படி.

அறையிலேயே சமைக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

எண்ணெயைப் பாட்டிலிலிருந்து நேரே ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். மற்றது தானே சரியாகும். இன்னொன்று பாதுகாப்பு பற்றியது. மொத்தமாகச் சமைத்த சோறு, பாஸ்தா போன்றவற்றைப் பானையோடு இரவெல்லாம் வெளியே விடுவது மாணவர் அறைகளில் சகஜம். அதில் வளரும் பசில்லஸ் செரியஸ் கிருமியின் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள், அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, குளிர்பெட்டியில் 4 டிகிரி செல்சியஸ் அளவில் வையுங்கள். அடுத்த நாளே முடித்துவிடுங்கள்.

குளிர்பானம், பழச்சாறு, எனர்ஜி பானம் எல்லாம் அவ்வளவு மோசமா?

330 மி.லி. குளிர்பானத்தில் சுமார் 35 கிராம் சர்க்கரை, 140 கலோரி. சேர்க்கப்பட்ட சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது வழிகாட்டுதல். 2,000 கலோரி உண்பவருக்கு 50 கிராம். ஒரு குவளையிலேயே முக்கால்வாசி வரம்பு தீர்ந்துவிடுகிறது. திரவக் கலோரியை வயிறு சரியாகக் கணக்கில் எடுப்பதில்லை என்பதால், அதைக் குடித்த பின் சாப்பாட்டில் அந்த அளவு குறைவதும் இல்லை. பழச்சாறும் இதே கணக்கில்தான் வரும். பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள்.

எனர்ஜி பானம் 250 மி.லி.யில் பொதுவாக 80 மி.கி. காஃபினும் 27 கிராம் சர்க்கரையும். மது கிராமுக்கு 7 கலோரி, அதோடு கூட வரும் பொரித்த தீனி தனி. ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் இனிப்புப் பானத்தை நிறுத்துங்கள்.

உடற்பயிற்சிக்கு நேரமே கிடைப்பதில்லை.

இலக்கு இதுதான்: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, இரண்டு நாள் தசைப் பயிற்சி. மிதமானது என்றால் பேச முடியும், பாட முடியாது என்ற வேகம். வகுப்புக்குப் போய்வரப் பத்துப் பத்து நிமிடம் விறுவிறுவென நடந்தாலே ஐந்து நாளில் 100 நிமிடம் சேர்கிறது.

தசைப் பயிற்சிக்கு உடற்பயிற்சிக்கூடம் கட்டாயமில்லை. அறையில் இருபது நிமிடம் போதும்: பஸ்கி 12, தண்டால் 8, புத்தகம் நிரப்பிய பையை இடுப்பை நோக்கி இழுத்துத் தூக்குவது ஒரு கைக்கு 10, முழங்கையூன்றிப் பலகைபோல் நிற்பது 30 வினாடி. ஒரு நிமிடம் ஓய்வெடுத்து, மொத்தம் மூன்று சுற்று. தண்டால் வராதவர்கள் மேசை விளிம்பில் கையூன்றிச் செய்யலாம். எண்ணிக்கை எளிதானதும் இரண்டிரண்டாகக் கூட்டுங்கள்.

வழக்கமாகக் கெடுவது முதல் வாரத்தில்தான். ஆவேசத்தில் ஐந்து நாளும் செய்து, உடல் வலித்து, ஆறாம் நாளோடு நின்றுபோகும். வாரம் இரண்டு நாளில் தொடங்குங்கள். பயிற்சியால் மட்டும் எடை இறங்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். அரை மணி நடைக்குச் செலவாகும் கலோரியும் ஒரு குளிர்பானத்தில் இருப்பதும் ஏறக்குறைய ஒன்றே. மனச்சோர்வு, தூக்கம், இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு அது செய்யும் நன்மைக்காகவே செய்யலாம்.

நான் மெலிந்திருக்கிறேன். எடை கூட்ட என்ன வழி?

மெலிவுக்காரர்களை யாரும் கண்டுகொள்வதில்லை. இவர்கள் சிரமமும் சிரமம்தான். தினமும் 300 முதல் 500 கலோரி கூடுதலாக வேண்டும். பெரிய சாப்பாட்டைத் திணிக்காமல், இரண்டு சிற்றுணவைச் சேருங்கள்: பாலில் வாழைப்பழமும் இரண்டு மேசைக்கரண்டி நிலக்கடலை வெண்ணெயும் அடித்துக் குடித்தால் ஒரு கோப்பையில் 400 கலோரிக்கு மேல் கிடைக்கும். தசைப் பயிற்சியும், கிலோ எடைக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதமும் இருந்தால் ஏறும் எடையில் தசையும் இருக்கும். சாப்பாட்டுக்கு முன் தண்ணீர் குடித்து வயிற்றை நிரப்பாதீர்கள். புரதப் பொடி உணவுக்கு மாற்று அல்ல. உணவில் எட்டாத அளவை ஈடுகட்ட மட்டும் உதவும்.

முயலாமலே எடை இறங்குகிறது என்றால் அது வேறு கதை. அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், எடை இழப்பு மூன்றும் சேர்ந்தால் முதல் வகை நீரிழிவாக இருக்கலாம். இந்த வயதிலும் வரும், அன்றே இரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டும். வாந்தியும் வேகமான ஆழ்ந்த மூச்சும் சேர்ந்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், இரவில் வியர்வை என்றால் காசநோய்ப் பரிசோதனை தேவை.

பத்து நாளில் ஐந்து கிலோ குறைக்கும் உணவுமுறைகள், மாத்திரைகள்?

முதல் வாரத்தில் இறங்குவதில் பெரும்பகுதி கிளைகோஜனும் அதனோடு ஒட்டிய தண்ணீரும். இயல்பாகச் சாப்பிடத் தொடங்கியதும் திரும்பிவிடும். வாரம் அரை முதல் ஒரு கிலோ என்பதே தாங்கும் வேகம். இணையத்தில் கொழுப்பெரிப்பான் என்று விற்கும் டிஎன்பி மாத்திரையைத் தொடவே தொடாதீர்கள். அது உடல் வெப்பத்தை அடக்க முடியாதபடி ஏற்றி ஆளைக் கொல்லும். அதன் நச்சை முறிக்கும் மருந்தும் கிடையாது. பேதி மாத்திரையால் போவது தண்ணீரும் பொட்டாசியமும், கொழுப்பு அல்ல.

உணவு, எடை பற்றிய நினைப்பே நாள் முழுக்க ஓடுகிறது. இது சாதாரணமா?

இதைக் கேட்டதே நல்லது. உணவுக் கோளாறுகள் பதின்வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் தலைகாட்டுவது அதிகம்; ஆண்களுக்கும் வரும், இயல்பான எடை உள்ளவர்களுக்கும் வரும். 1999-ல் பிரிட்டனில் வெளியான ஐந்து கேள்விகளை மருத்துவர்கள் முதல்கட்டமாகப் பயன்படுத்துகிறார்கள். அவற்றின் சாரம் இது: வயிறு நிறைந்தது பொறுக்காமல் வலிய வாந்தி எடுக்கிறீர்களா? எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பது கைமீறிப் போய்விட்டதாகக் கவலைப்படுகிறீர்களா? அண்மையில் மூன்று மாதத்துக்குள் ஆறு கிலோவுக்கு மேல் குறைந்ததா? மற்றவர்கள் ஒல்லி என்னும்போதும் குண்டாக இருப்பதாக நம்புகிறீர்களா? உணவுதான் உங்கள் வாழ்க்கையை ஆட்டிவைக்கிறது என்பீர்களா?

இரண்டுக்கு ஆம் என்றால் நோய் உறுதி என்று பொருளல்ல. மருத்துவரையோ பல்கலைக்கழக மனநல ஆலோசகரையோ பார்க்க வேண்டும் என்று பொருள். எடை குறைப்பு முயற்சியை அதுவரை நிறுத்திவையுங்கள். மூன்று மாதம் மாதவிடாய் வராமை, மயக்கம், நெஞ்சு படபடப்பு, வாந்தியில் இரத்தம் இவற்றில் கடைசி மூன்றுக்கும் காத்திருக்கவே கூடாது. நண்பருக்கு இப்படி என்றால் எடையைப் பற்றியோ தட்டைப் பற்றியோ பேசாதீர்கள். "சில நாளாக நீ சோர்ந்து தெரிகிறாய், என்னோடு மருத்துவரைப் பார்க்க வருகிறாயா?" என்று கேட்டு, கூடவே போய் வாருங்கள்.

ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறேன், எடை ஏறிக்கொண்டே போகிறது.

மாதவிடாய் ஒழுங்கின்மை, முகத்தில் முடி, தீராத முகப்பரு இருந்தால் சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறியையும், குளிர் தாங்காமை, மலச்சிக்கல், அசதி இருந்தால் தைராய்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு, வலிப்புக்குத் தரும் வால்புரோயேட், மனச்சோர்வுக்குத் தரும் மிர்டாசபின், வேறு சில மனநல மருந்துகள் எடையைக் கூட்டும். அவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதித் தந்த மருத்துவரிடம் மாற்று கேளுங்கள்.

தேர்வு முடிவதற்குள் எல்லாப் பழக்கமும் சிதறிவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?

நாளைக் காலை எழும் நேரத்திலிருந்து. முதல் வாரம் அதை மட்டும் பிடியுங்கள். இரண்டாம் வாரம் புரதத்தோடு முதல் உணவு, மூன்றாம் வாரம் இனிப்புப் பானத்துக்குப் பதில் தண்ணீர், நான்காம் வாரம் இரண்டு நாள் பயிற்சி. இடையில் ஒரு நாள் தவறினால் மறுநாள் அதே இடத்திலிருந்து தொடருங்கள். தவறியதை ஈடுகட்டப் பட்டினி கிடக்க வேண்டாம். இடுப்பளவை இன்று ஒரு தாளில் எழுதி வைத்து, ஐந்தாம் வாரத் தொடக்கத்தில் அதே இடத்தில் நாடாவை வைத்து மறுபடி அளந்து பாருங்கள்.